காளையோடு பிறந்த கிடாரி

ஒரு கையில் மாட்டுக்கயிற்றோடு நீங்கள் என்றைக்காவது மினிபஸ் ஏறியிருக்கிறீர்களா, கயிற்றின் மறுமுனையில் மாடும் நின்றுகொண்டிருக்க? நான் ஏறியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐப்பசி ஒன்பதாம் தேதியிலிருந்து தை மாதம் வரைக்கும் எங்கே போனாலும் அப்படித்தான் போனேன், ஏனென்றால் அந்த ஐப்பசி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு, எங்கள் ஊஞ்சவலசு பால் சொசைட்டி வாசலில், எங்கள் கிடாரியின் கழுத்தில் டாக்டரம்மா ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தபோது, அது துள்ளாமல் இருக்க நான் இறுக்கிப் பிடித்த கயிறு அதற்கப்புறம் என் கையை விட்டுப் போகவில்லை.

விரலை விரிக்க முடிந்தது, மடக்க முடிந்தது, வேண்டுமென்றால் ஐந்து என்று எண்ணிக்கூடக் காட்ட முடிந்தது. ஆனால் கயிறு மட்டும் வலது உள்ளங்கையில், ஆயுள் ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு ரேகை மாதிரிப் படிந்து கிடந்தது. முதலில் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சோப்புத் தண்ணி, பிறகு மண்ணெண்ணெய், பிறகு யாரோ சொன்னார்கள் என்று புளித்த மோர். என் வீட்டுக்காரர் சிகாமணி (முழுப்பெயர் தெய்வசிகாமணி, அவ்வளவு நீளமாகச் சொல்ல எனக்கு நேரமில்லை) அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றை நடுவில் அறுத்தார், அறுந்தது, 'அப்பாடா' என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லாமல் சேர்ந்திருந்தது. கிடாரியின் கழுத்து முடிச்சும் அப்படித்தான், அவிழ்க்க அவிழ்க்க முடிச்சு. ஊர் அரைமணி நேரம் நின்று பார்த்தது. அப்புறம் பால் வண்டி ஆரன் அடித்தது, பால் வண்டி யாருக்காகவும் நிற்காது, ஆகவே அவரவர் கேனைத் தூக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

டாக்டரம்மா பேர் ஷர்மிளா பானு, உடுமலைப் பக்கம். அவர் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் சீட்டு ஒட்டிவிட்டு, தன் பதிவேட்டில் குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில், 'உரிமையாளர் கயிற்றுடன் இணைந்துள்ளார்' என்று எழுதி, கீழே என்னிடம் கையெழுத்துக் கேட்டார். இடது கையால் போட்டேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது.

கடைசியாக வந்து பார்த்தது பரிமளாக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஒரே வாசலுக்கு எதிரெதிர் வீடு, சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை. யார் தண்ணீர் கலந்தது என்று ஊரே நடுங்கும்படி சொல்கிற வாய் அவளுக்கு. வலது உள்ளங்கையில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உண்டு என்பார்கள். கேட்டால் கேன் பிடி வெட்டிவிட்டது என்பாள். எல்லோரும் என் கையை ஒரு நிமிஷம் பார்த்தார்கள் என்றால் அவள் மூன்று நிமிஷம் பார்த்தாள்.

"துணி சுத்திக்க. வெயில்ல காந்தும்," என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

இந்த ரத்தம் எதற்கு எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டுமே. போன வருஷம் ஆடி மாதம் எனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, முதலில் பையன் முகிலன், பத்து நிமிஷம் கழித்துப் பெண் மகிழினி. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அதே வாரத்தில் எங்கள் மயிலைப் பசுவும் இரட்டைக் கன்று போட்டது, முதலில் காளை, பின்னால் கிடாரி. ஊர் சிரித்தது, சர்க்கரை வாங்கித் தின்றது, 'தாயும் மாடும் பேசி வெச்சுக்கிட்டாளுக' என்று கேலி பேசியது. பிறகு யாரோ ஒருத்தர், யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, சிரிப்பின் நடுவில் அந்தப் பழைய பேச்சை எடுத்தார்: காளைகூடப் பொறந்த கிடாரி கன்னு போடாது. அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அப்படிப்பட்ட கிடாரிக்குப் பேர்கூட வைக்க மாட்டார்கள், முதல் கன்று போட்ட பிறகுதான் பேர். எல்லோரும் கட்டுத்தரையில் நின்ற செவலைக் கன்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் மாற்றி ஒருத்தராக, தொட்டிலில் கிடந்த என் மகளைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை ஒரு வருஷம் போகவில்லை. கடைக்குத் தூக்கிப்போனால் பையன் கன்னத்தைக் கிள்ளுவார்கள், பெண்ணின் தலையைத் தடவி 'பாவம்' என்பார்கள், என்ன பாவம் என்று கேட்டால், 'சும்மா சொன்னனுங் அம்மிணி' என்பார்கள். செவலைக் கன்று ஆறு மாதத்தில் வெளுத்து அழகான கிடாரியாகிவிட்டது, கூடப்பிறந்த காளைக்கன்றை வண்டிப் பந்தயக்காரர் ஒருத்தர் ஓட்டிப்போய்விட்டார், என் மகள் நடக்கக் கற்றுக்கொண்டாள், அந்தப் பார்வை மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தை மாதம் இரண்டு பேருக்கும் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், என் அண்ணனுக்குச் சொல்லிவிட்டோம். அண்ணி போனில் சொன்னாள்: "பையன மடில வெச்சுக்கட்டும். புள்ளைய மடில வெச்சா நாளைக்கு என்ற பையனுக்குத்தான்னு ஊர் முடிச்சுப் போட்டுருமல்ல? அந்தக் கிடாரி சங்கதி தெரியட்டும், அப்புறம் பாக்கலாங்."

கிடாரி சங்கதி என்று ஊரே சொல்ல ஆரம்பித்திருந்தது. கிடாரி எதுவோ மகளும் அது.

அப்போதுதான் நாட்டு மாடுகளுக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒரு திட்டம் வந்தது. நல்ல கிடாரிகளைப் பதிந்து காதில் எண் போட்ட தோடு மாட்டி, இனம் பெருக்குவதற்கான திட்டம். நான் பத்தாவது வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அறிவியலில் எழுபத்தெட்டு. நானே போய்க் கேட்டேன், "எங்க கிடாரிய சேத்திக்குவீங்களா டாக்டரம்மா?" சோதித்துப் பார்த்து, 'நல்ல கிடாரிதான்' என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் எல்லோர் வாயும் மூடும் என்று நினைத்தேன். அவர்களுடைய கணக்கையே நானும் போட்டேன் பாருங்கள், என் மகளை நானே அந்தக் கயிற்றில் கட்டினேன்.

"ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் குரோமோசோம்னு இருக்கும். நூல்னு வெச்சுக்கோங்க," என்றார் டாக்டரம்மா.

"திருப்பூர் நூலுங்களா?"

"உங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் திருப்பூர்," என்று சிரித்தார். "மாட்டுக்கு அறுபது நூல், முப்பது சோடி. கடைசிச் சோடி பசுவுக்கு ரெண்டும் ஒரே மாதிரி, காளைக்கு ஒண்ணு பெருசு ஒண்ணு குட்டை. அதை எண்ணிப் பாக்கத்தான் ரத்தம். மூணு வாரத்துல தெரிஞ்சிரும்."

மூன்று வாரம் என்றது இரண்டரை மாதம் ஆயிற்று. எங்கோ ஒரு மிஷின் பழுதாம். அதுவரைக்கும் நானும் கிடாரியும் ஏழு முழக் கயிற்றின் இரண்டு முனைகளில் இருந்தோம்.

ஏழு முழம் என்பது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். அடுப்படியில் நான் நின்றால் கிடாரி நடையில் நிற்கும். நான் குளித்தால் அது தட்டிக்கு வெளியே நின்று அசைபோடும். கட்டிலைக் கட்டுத்தரைக்கு மாற்றினோம். வலது கை கயிற்றோடு போய்விட்டதால் சோற்றை என் வீட்டுக்காரர்தான் பிசைந்து ஊட்டினார், ஊர்ப் பொம்பளைகளுக்குப் பொறாமை, "நமக்கெல்லாம் ஒரு கயிறு ஒட்ட மாட்டேங்குது பாரு" என்று அவரவர் வீட்டுக்காரரைக் குத்திக் காட்டினார்கள். மினிபஸ் டிரைவர் முதல் நாள் முணுமுணுத்தார், இரண்டாம் நாள் என்னைக் கடைசி ஜன்னலில் உட்காரவைத்துக் கயிற்றை வெளியே விடச் சொன்னார், மூன்றாம் நாளிலிருந்து கிடாரி நடக்கிற வேகத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். எட்டு நாற்பது வண்டி ஒன்பது பத்து வண்டியாயிற்று, பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடைத் தள்ளி வைத்தார்கள், அதில் ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை. நூறு நாள் வேலையில் போட்டோ எடுக்கிற பிள்ளை, "அக்கா, மாட்ட நேரா பாக்கச் சொல்லுங்" என்றது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எனக்குக் குங்குமம் நீட்டிவிட்டு அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். மண்டபத்தில் அதற்கென்று ஒரு தூண் ஒதுக்கினார்கள். கார்த்திகை முடிவதற்குள், கயிறு இல்லாமல் என்னைப் பார்த்திருந்தால்தான் ஊர் பயந்திருக்கும்.

ஆனால் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கை, பிள்ளைகள் இரண்டு.

இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு இடுப்பில் ஒன்றுதான் ஏறும். பையன் கத்துவான், கத்துகிறவனைத் தூக்குவோம், அதுதானே வழக்கம். மகிழினி கத்த மாட்டாள். நான் முகிலனைத் தூக்கும்போதெல்லாம் அவள் ஒரு முறை என்னைப் பார்ப்பாள், பிறகு தத்தக்கா பித்தக்கா என்று நடந்து போய்க் கிடாரியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிடாரி காலை அசைக்காது. ஈ உட்கார்ந்தால் தோலை மட்டும் சிலிர்க்கும், காலைத் தூக்காது. அப்படியே இரண்டும் நிற்கும், பேர் இல்லாத ஒன்றும் பேர் இருந்தும் 'பாவம்' என்று கூப்பிடப்படுகிற ஒன்றும். நான் சிரித்துக்கொண்டேதான் இருப்பேன், எனக்கு முகம் அப்படி. சிரித்துக்கொண்டே அடைபட்டுக் கிடந்தேன்.

மார்கழிக் கடைசியில் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். வாசலில் கூட்டம். காகிதம் வந்ததும் கயிறு தானாகக் கழன்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அதனால் என் கையைப் பார்ப்பதா டாக்டரம்மா வாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் எல்லோர் தலையும் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

"நூறு உயிரணு எண்ணியிருக்காங்க," என்றார் அவர், தணிந்த குரலில், எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி. "எழுபத்து மூணுல பசுவோட சோடி இருக்கு. இருபத்தேழுல காளையோட சோடி. கூடப்பொறந்த காளையோட ரத்தம் இதுக்குள்ள கலந்து வளந்திருக்கு. இது கன்னு போடாது கோகிலா."

கயிறு கழலவில்லை. கூட்டத்தில் இருந்து, ஓலைக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு 'ம்ம்ம்' சத்தம். நான் கிடாரியைப் பார்த்தேன். பந்தயக்காரர் ஓட்டிப்போன கூடப்பிறந்தவனை இது இத்தனை நாளும் ரத்தத்திலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள்தான் அது தனியாக நிற்கிறது என்று நினைத்திருக்கிறோம். எனக்கு ஏனோ அதன்மேல் கோபமே வரவில்லை.

"அப்ப புள்ளைக்கும் அதுதானுங்களே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"யார் சொன்னது?" டாக்டரம்மாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "மாட்டுக்கு ரெண்டு கன்னோட நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கும், ரத்தம் ஒண்ணாயிரும். உங்க காட்டுல சொட்டுநீர் போட்டிருக்கீங்களே, ஒரே குழாயில ரெண்டு செடிக்கு ஓட்டை போட்ட மாதிரி. மனுசிக்கு அப்படியில்ல. ஆணும் பொண்ணுமா இருந்தா ஆளுக்கொரு குழாய். இது அதுல கலக்காது. பாப்பா நல்லா இருக்கா, நாளைக்குப் பத்துப் பெத்தாலும் பெப்பா."

எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் பைக்கில் ஏறிப் போன பிறகு, கூட்டம் கலைவதற்கு முன்னால், ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "டாக்டரம்மா நல்லவங்க. ஆனா அவிய படிச்சது மாட்டுக்குத்தானுங்களே." அத்தோடு முடிந்தது. மாட்டைப் பற்றி அவர் சொன்னதை ஊர் நம்பியது, பிள்ளையைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை. மாட்டைப் பற்றிச் சொன்னது அவர்களுக்கு முன்னாலேயே தெரியும், அதனால் நம்பினார்கள்.

அன்றைக்கே அண்ணி போன் செய்தாள். "பையன மட்டும் மடில வெச்சுக்கறோங். சங்கடப்படாத கோகிலா."

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் சோறு ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "காதுகுத்துக்கு முன்னால அதை அனுப்பிச்சரலாம் புள்ளே. அது கண்ணு முன்னால நிக்கற வரைக்கும் பேச்சும் போகாது. தரகர் குப்பண்ணங்கிட்டச் சொல்லியிருக்கறேன்."

"எங்க அனுப்பறதுங் மாமா?"

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். எங்கே என்று எனக்குத் தெரியாதா. கன்று போடாத மாடு ஏறுகிற லாரி எந்த ஊருக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்க மாட்டோம். விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான், வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப்போக வேண்டும். எங்கள் கயிறு கழுத்தில் இருக்கிற வரைக்கும் எந்த வியாபாரியும் அந்த மாட்டைத் தொட மாட்டான், தொட்டால் அவன் கட்டுத்தரை தழைக்காது. ஆகவே எல்லாமே என் உள்ளங்கையில் வந்து நின்றது. நான் பிடித்திருந்தால் கிடாரி இருக்கும், பேச்சும் இருக்கும். நான் விட்டால் கிடாரி லாரி ஏறும், என் மகள் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றும் இருக்காது, பேச்சு அப்போதும் இருக்கும் என்று எனக்கு மட்டும் தோன்றியது.

சொசைட்டியில் பால் ஊற்றப் போனபோது பரிமளாக்கா பால்மானியைக் கேனில் மிதக்கவிட்டபடியே கேட்டாள், "ஏங் கோகிலா, கயிறு உன்ன உடலயா, நீ கயித்த உடலயா?"

"தெரியலீங் அக்கா."

"உட்டுத் தொலை. பொட்டப்புள்ளைக்குப் பேச்சு ஒட்டறது லேசு, உரிக்கறதுதான் கஷ்டம். எங்கண்ணன் எனக்கு ரெண்டு வருசம் மூத்தவன், அவன் சொல்லுவான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அடுத்த கேனை இழுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், அண்ணன் பேச்சு வந்தால் இரண்டு வருசம் மூத்தவன் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வாள். பொங்கலுக்குச் சீர் கொண்டு அவர் வரும்போது வாசலிலேயே சொல்வாள். இரண்டு பேரும் அப்படியே ஒரே சாயல், ஒரே மூக்கு. அந்தத் துணிக்கட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருபது புள்ளிதான் காட்டுது, தண்ணி கலந்தியா?" என்று என்னை முறைத்தாள்.

கலந்திருந்தேன், கொஞ்சம். ஒரு கையால் கேன் கழுவினால் தண்ணீர் முழுதாக வடியாது.

காதுகுத்து தை பன்னிரண்டு. வாசலில் கொட்டகை போட்டு, ஆசாரியை வரவழைத்து, இரண்டு சின்னச் சட்டை, இரண்டு மாலை, இரண்டு கிண்ணத்தில் சர்க்கரை. எல்லாம் இரண்டு, மாமன் மடி மட்டும் ஒன்று. அண்ணன் மணையில் உட்கார்ந்தார். முகிலனை மடியில் வைத்தார்கள், ஆசாரி கம்பியைக் குத்தினார், பையன் ஊருக்கே கேட்கும்படி அலறினான், வாயில் சர்க்கரையைப் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் ஆசாரி இரண்டாவது கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார். அண்ணி என்னைப் பார்க்காமல் பந்தல்காலைப் பார்த்துச் சொன்னாள், "நேரம் போகுது, பந்தி வெச்சரலாங்களா?"

மகிழினி புதுச்சட்டையோடு கிடாரியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அதே நேரத்துக்குத்தான் குப்பண்ணன் வந்தார். மத்தியானம்தான் வரச் சொல்லியிருந்தது, அவருக்கு வேறு ஊரில் ஜோலி, சீக்கிரம் வந்துவிட்டார். ரோட்டில் லாரி இரைந்துகொண்டிருந்தது. தோளில் அவருடைய புதுக்கயிறு.

"விசேசமுங்களா? சேரி சேரி, நா ஒரு ஓரமா ஓட்டிட்டுப் போயர்றேன். உங்க கயித்த மட்டும் அவுத்துருங் அம்மிணி."

"அவுராதுங்," என்றேன்.

"கேள்விப்பட்டனுங். அதெல்லாம் ஒரு மனசுதானுங்களே. பக்கத்து ஊர்லகூட ஒரு அம்மாவுக்குக் குடம் ஒட்டிக்கிச்சு, மனசு வெச்சாங்க, உட்டுருச்சு."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை அவர், மூன்று மாதம் எனக்குச் சோறு ஊட்டிய கை அது. "விடு கோகிலா," என்றார், அழுகிற மாதிரி. "புள்ளைக்காகத்தான் சொல்றேன். விடு."

நான் கையை விரித்துக் காட்டினேன். ஐந்து விரலையும். கயிறு நடுவில் கிடந்தது. "விடறதுக்கு என்ற கிட்ட ஒண்ணுமே இல்லீங் மாமா," என்றேன், சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முகிலன் அழுதுகொண்டே என்னிடம் தாவினான், இடது இடுப்பில் வாங்கிக்கொண்டேன். மகிழினி ஒரு முறை என்னைப் பார்த்தாள். வழக்கம்போல. பிறகு கிடாரியின் காலில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். லாரிக்காரர் ஆரன் அடித்தார்.

அப்போது எதிர்வீட்டு நடையிலிருந்து பரிமளாக்கா இறங்கி வந்தாள். பந்தி பரிமாற ஒதுக்கியிருந்த பட்டுச்சேலை, கையில் எப்போதும்போலத் துணிக்கட்டு. ஆசாரியையும் அண்ணனையும் தாண்டி வந்து, கிடாரிக்கும் குப்பண்ணனுக்கும் நடுவில் நின்றாள். பால் சோதனை முடிவைச் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசினாள்.

"எங்கண்ணன் எனக்கு ரெண்டு வருசம் மூத்தவன்னு இருவத்தொரு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன். பொய். ஒரே வயிறு, ஒரே நாளு. நா முன்னால, அவன் கால் மணி நேரம் பின்னால. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, இது காளைகூடப் பொறந்ததுன்னு தெரிஞ்சா கட்ட மாட்டாங்கன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. எங்க ஊட்டுலயும் காளைகூடச் சோடியாப் பொறந்த கிடாரி ஒண்ணு இருந்துச்சு, என்ற வயசுதான், நாந்தான் மேய்ப்பேன். கல்யாணத்துக்கு மொத நாள் அதை லாரி ஏத்துனாங்க. கயித்த நா உடல. இழுத்துப் புடுங்குனாங்க."

அவள் வலது கைத் துணிக்கட்டைப் பல்லால் பிடித்து அவிழ்த்தாள். உள்ளங்கையில், ஆயுள் ரேகைக்குப் பக்கத்தில், கயிறு உரிந்துபோன தடம், முறுக்கு முறுக்காக, நேற்று உரிந்த மாதிரிச் சிவப்பாக ஈரமாக இருந்தது. இருபத்தொரு வருஷம் ஆறாமல் இருந்த புண்ணை ஊர் பார்த்தது. அதிசயமாகப் பார்க்கவில்லை, கயிற்றுக்கு மினிபஸ்ஸை நிறுத்தப் பழகிய ஊர் அது. கொஞ்சம் வெட்கமாகப் பார்த்தது.

"எத்தனை பசங்க எனக்கு?" என்றாள்.

அவளுடைய பெரியவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், சின்னவன் பத்தாவது, இரண்டு பேரும் சாம்பார் வாளியோடு பந்தி ஓரத்தில் நின்றிருந்தார்கள். ஊர் அவர்களைப் பார்த்தது, பிறகு ஒருத்தர் மாற்றி ஒருத்தராக என் மகளைப் பார்த்தது. அந்தப் பழைய பார்வை அதில் இருந்ததா என்று சொல்ல எனக்குக் கண் தெளிவாக இல்லை. அண்ணி பந்தல்காலை விட்டுக் கண்ணை எடுத்தாள். அண்ணன் வேட்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, காலை நன்றாக மடக்கி, மடியை அகலமாக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

குப்பண்ணன் தன் கயிற்றைத் தோளில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பரிமளாக்கா என் பக்கத்தில் வந்தாள். கிட்டத்தில் அவளுக்குப் பால் வாசம் அடித்தது, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, ஊரையே நடுங்கவைக்கிற உதடு. சிவந்த உள்ளங்கையை என் முன்னால் விரித்து நீட்டினாள்.

"அந்தக் கயித்த எங்கையில குடு அம்மிணி. நீ போயி ரெண்டையும் ரெண்டு கையில தூக்கு."